தாசில்தார் உட்கார்ந்த காகிதங்கள்

டிராயிங் டீச்சர் பதில்கள்

சென்ற இதழில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது என்று சொன்னார்கள். என் வீட்டுப் பூனை பின்னங்காலால் காது சொறியும் படம் ஒன்றைக் கொடுத்தேன். பென்சில் படம்தான், முக்கால் நிமிட வேலை. வழக்கமாக இந்தப் பகுதிக்கு மாதம் பதினைந்து கடிதம் வரும். இம்முறை ஒரு மஞ்சள் பை நிறைய வந்திருக்கிறது. எல்லாம் நாய், பூனை, ஆடு. ‘வாட்டர் கலரில் வானம் திட்டுத் திட்டாக வருகிறது’ என்று மாதந்தோறும் எழுதும் அன்பர் மட்டும் இம்முறையும் வானத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார். அவருக்கு அடுத்த மாதம்.

இங்கே கேட்பவர் பெயர் போடுவதில்லை, ஊர் மட்டும்தான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பூனையின் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன்: தாசில்தார். வீட்டில் எந்தக் காகிதம் விரிந்திருந்தாலும் அதன்மேல் வந்து அமர்ந்துவிடுவார். எழுப்பினால் முறைப்பார். காகிதம் நகராது.

*எனக்கு 54 வயது. எட்டாம் வகுப்போடு டிராயிங் நோட்டை மூடியவள். எங்கள் நாய் திண்ணையில் படுத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வரைய வேண்டும் போலிருக்கிறது. ஆனால் கை வராது என்று பயம். எங்கிருந்து தொடங்குவது, டீச்சர்?*
— மேலூர்

நானும் ஏறக்குறைய உங்களைப் போலத்தான் என்றால் நம்பமாட்டீர்கள். அரசுப் பெண்கள் பள்ளியில் 31 வருடம் ஓவியம் சொல்லிக்கொடுத்தேன். கரும்பலகையில் நான் போட்ட மாம்பழங்களைக் கூட்டினால் சேலத்துக்கு ஒரு லாரி அனுப்பலாம். மாம்பழம், பூச்சாடி, குடம், தேசத் தலைவர்கள், சுற்றுச்சூழல் தினத்துக்கு ஒரு மரம். உயிரோடு மூச்சுவிடும் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு ஒரு நாளும் வரைந்ததில்லை. பூனை என்றால் பெரிய வட்டத்தின் மேல் சின்ன வட்டம், இரண்டு முக்கோணக் காது, ஒரு வால். எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள், நானும் அப்படியே கற்றுக்கொடுத்தேன்.

ஓய்வு பெற்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு குட்டி எங்கள் கொல்லைத் துவைகல்லின் அடியில் வந்து ஒண்டியது. ஒரு வாரம் கழித்து நான் ஓய்வூதியப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது அதன்மேல் ஏறிப் படுத்துத் தூங்கியும் விட்டது. எழுப்ப மனமில்லை. கையில் பேனா இருந்தது. வயிற்றுக்கு வெளியே தெரிந்த படிவத்தின் ஓரத்தில் வரைய ஆரம்பித்தேன். வந்தது உருளைக்கிழங்கு மூட்டை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்று தெரிந்தது: பூனையின் காது முக்கோணமே இல்லை. வெளி ஓரத்தில், கீழ்ப்பக்கமாக, ஒரு சின்னத் தோல் மடிப்பு இருக்கிறது, சட்டைப்பை போல. 31 வருடம் எத்தனை ஆயிரம் பெண்களுக்குப் பை இல்லாத காது போடச் சொல்லியிருப்பேன்! வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடச் சிரிப்பு அதிகமாக வந்தது. அறுபதை நெருங்கும் வயதில் ஒரு காதைப் புதிதாகக் கண்டுபிடித்த சந்தோஷம். மூட்டையோடு அந்தப் படிவத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

உங்களுக்கு வேண்டியது கோடு போடாத நோட்டு ஒன்று, 2பி பென்சில் ஒன்று. ரப்பரை வீட்டில் யாரிடமாவது கொடுத்து ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். நாய் தூங்கும்போது தொடங்குங்கள். கண், மூக்கு என்று போகாதீர்கள். பிடரியிலிருந்து வால் நுனிவரை முதுகெலும்பு எப்படி ஓடுகிறது என்று ஒரே கோடு. அது வந்துவிட்டால் மற்றவை அதில் தொங்கிக்கொள்ளும். நாய் புரண்டு படுத்தால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று தொடங்குங்கள். மறுபடி புரண்டால் மூன்றாவது. கவலைப்படாதீர்கள், முதல் படுக்கைக்கு அது திரும்பி வரும். மொத்தமே ஏழெட்டுப் படுக்கைதான் அவற்றுக்கு. தாசில்தாருக்கு ஒன்பது.

மாமல்லபுரம் போனால் அர்ச்சுனன் தபசுப் பாறையின் அடிப்பக்கம் பாருங்கள். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். மேலே தேவர்களும் கந்தர்வர்களும் பறக்கிறார்கள், முனிவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். இதற்கு மூக்கு அரிக்கிறது, அவ்வளவுதான். அதே பாறையில் எல்லோரும் சுட்டிக்காட்டிச் சிரிக்கும் தவப்பூனையும் உண்டு. என்னைக் கேட்டால் அந்தப் பூனை கதைக்காக நிற்கவைத்த பூனை. மான் அப்படியல்ல. எங்கோ ஒரு நிழலில் உட்கார்ந்து சொறிகிற மானை வெகுநேரம் பார்த்த ஒருவர் செதுக்கியது. நீங்கள் திண்ணையில் செய்யப்போவதும் அதே வேலை.

*எங்கள் பூனை ஒரு நொடிகூட அசையாமல் இருப்பதில்லை. எப்படி வரைவது?*
— ஆம்பூர்

பிற்பகல் இரண்டு மணிக்குப் பாருங்கள்.

*நாயின் பின்னங்காலை நான் எப்படிப் போட்டாலும் முட்டி பின்பக்கமாக ஒடிந்ததுபோல வருகிறது. எங்கே தவறு?*
— பொள்ளாச்சி

தவறே இல்லை. ஒடிந்தது போலத்தான் இருக்கும். ஆனால் அது முட்டியல்ல, குதிகால். நாயும் பூனையும் நம்மைப் போலப் பாதம் முழுவதையும் பதித்து நடப்பதில்லை, விரல்களில் நடக்கின்றன. குதிகால் தரையை விட்டு உயர்ந்து நிற்கிறது. உண்மையான முட்டி அதற்கும் மேலே, வயிற்றோரமாக, ரோமத்துக்குள் பாதி ஒளிந்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, விரல்களில் நின்று, முட்டியைக் கொஞ்சம் மடக்குங்கள். யாராவது பக்கவாட்டிலிருந்து அந்தக் காலை வரையட்டும். நாயின் கால் வந்துவிடும். என் பேத்திக்கு இதைச் செய்துகாட்டப் போய்ச் சமையலறையில் விழுந்தேன். ஆகவே சுவரை விடாதீர்கள்.

*எங்களிடம் இருப்பது ராஜபாளையம் நாய். முழுவெள்ளை, காதும் கேட்காது. வெள்ளைத் தாளில் வெள்ளை நாயை எப்படி வரைவது? சுற்றிலும் கறுப்பாகக் கோடு போட்டால் அட்டையில் வெட்டி ஒட்டியது போலிருக்கிறது.*
— விருதுநகர்

நல்ல கேள்வி, நல்ல நாயும்கூட. 2005இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்கென்று நான்கு தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று உங்கள் ஊர்ப்பக்கத்து ராஜபாளையத்துக்குப் போனது. காது கேளாமை அந்த இனத்தில் அடிக்கடி காண்பதுதான். வரைகிறவருக்கு அதில் ஒரு சின்ன வசதி உண்டு: பென்சில் சீவினால் எழுந்திருக்காது.

வெள்ளை நாயில் வெள்ளையே கொஞ்சம்தான். நம்பாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டிக் குழாயாக்கி ஒரு கண்ணால் அதன் வழியே நாயின் வயிற்றை மட்டும் பாருங்கள். செம்மண் முற்றத்தில் நின்றால் வயிறு செம்மண் நிறமாக இருக்கும், தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதில் அடிக்கிறது. புல்லில் நின்றால் இளம் பச்சை. மாலையில் முதுகின் நிழல்பக்கம் நீலம். மூக்கு இளஞ்சிவப்பு, காதுக்குள் வெயில் பின்னாலிருந்து விழும்போது அதே சிவப்பு இன்னும் சூடாகத் தெரியும். இவற்றை மட்டும் மெல்லிய வண்ணத்தில் போட்டுவிட்டு, வெயில் படும் முதுகை வெறும் தாளாகவே விட்டுவிடுங்கள். ஓரக்கோடு வேண்டாம். நாய்க்குப் பின்னால் இருக்கும் சுவரையோ வேலியையோ கொஞ்சம் இருட்டாக்கினால் முதுகு தானாக வெளியே வரும்.

இன்னொரு வழி எனக்கு அதிகம் பிடித்தது. பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத் தாள் இருக்கிறதே, அதில் வரையுங்கள். நிழலுக்குக் கரித்துண்டு, வெயிலுக்கு வெள்ளைச் சாக்குக்கட்டி. நடுவில் உள்ள எல்லாவற்றையும் தாளே பார்த்துக்கொள்ளும். நாளிதழ் விலைகூட ஆகாது.

கறுப்பு நாய் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். கறுப்பு பாட்டிலைத் திறக்காதீர்கள். கருநீலமும் அடர்பழுப்பும் கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும். இப்போதைக்கு அவ்வளவுதான்.

*நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஆடு சின்னக்கருப்பியை வரைந்தேன். கொம்பு, தாடி எல்லாம் போட்டேன். ஆனாலும் எல்லோரும் ‘நாய்க்கு எதற்குக் கொம்பு’ என்று கேட்கிறார்கள். படம் இணைத்திருக்கிறேன்.*
— ஊத்தங்கரை

படம் பார்த்தேன் தம்பி. கொம்பு அருமை. குறிப்பாக இடது கொம்பின் வளையங்களை எண்ணிப் போட்டிருக்கிறாய், அது எனக்குத் தெரிகிறது. சிக்கல் கண்ணில் இருக்கிறது. நடுவில் கறுப்பாக வட்டப் பொட்டு வைத்துவிட்டாய். அது நாயின் கண். பூனைக்கு வெளிச்சத்தில் மேலிருந்து கீழாகக் கோடு. ஆட்டுக்குப் படுக்கைவாட்டில், அஞ்சல்பெட்டியில் கடிதம் போடும் வாய் மாதிரி.

நண்பகல் வெயிலில் சின்னக்கருப்பியின் பக்கத்தில் உட்கார்ந்து பார், அந்தப் பட்டை நன்றாக ஒடுங்கியிருக்கும். மங்கலில் விரிந்துவிடும். இன்னொன்றும் பார். தழையைத் தரையில் போடு. ஆடு தலையைக் குனிந்து தின்னும். தலை கவிழ்ந்தால் அந்தப் பட்டையும் செங்குத்தாக நிற்க வேண்டுமல்லவா? நிற்காது. கண்ணே உள்ளுக்குள் சுழன்று பட்டையைத் தரைக்குச் சமமாக வைத்துக்கொள்ளும். மேய்கிறபோதும் சுற்றிலும் யார் வருகிறார்கள் என்று பார்க்க அந்த ஏற்பாடு. மேயும் ஆட்டை வரையும்போது பெரியவர்களே இதில் தவறுவார்கள். நீ தவறாதே.

ஜெர்மனியில் டியூரர் என்று ஒரு ஓவியர். 1502இல் ஒரு முயலை வரைந்தார். அந்த முயலின் கண்ணை உற்றுப் பார்த்தால் உள்ளே குட்டியாக ஒரு ஜன்னல் தெரியும், சட்டத்தோடு. சின்னக்கருப்பியின் கண்ணில் என்ன தெரிகிறது என்று பார்த்து அடுத்த படத்தில் போடு. எனக்கு அனுப்பு. நாய்க்குக் கொம்பு என்று சொன்னவர்களுக்கும் காட்டு.

*போட்டோவைக் கொடுத்தால் கைப்பேசிச் செயலியே ஒரு நொடியில் எண்ணெய் ஓவியம், வாட்டர் கலர் என்று விதவிதமாக மாற்றித் தருகிறது. எங்கள் பூனையை அப்படிச் செய்து சட்டமிட்டு மாட்டியிருக்கிறோம். பிறகு எதற்கு உட்கார்ந்து வரைய வேண்டும்?*
— தாம்பரம்

மாட்டியிருந்தால் நல்லது. சுவருக்கு ஒரு படம் வேண்டும், கிடைத்துவிட்டது. நான் ஏன் வரைகிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

தாசில்தார் தூங்குவதைத் தினமும் மதியம் ஒரு பக்கம் வரைவது என் வழக்கம். மேலே தேதி மட்டும் போடுவேன். இரண்டு வருடம் முன்பு ஒரு மாசி மாதம், முந்தைய பக்கங்களைப் புரட்டியபோது ஏதோ உறுத்தியது. வழக்கமாக வலது முன்னங்காலை மடித்து மார்புக்கடியில் செருகிக்கொள்பவர், மூன்று நாளாக அதை வெளியே நீட்டியே வைத்திருக்கிறார். மூன்று பக்கத்திலும் அதே கால், அதே நீட்டல். நான்தான் வரைந்தேன், வரையும்போது எனக்குத் தெரியவில்லை, நோட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் நடையில் ஒரு குறையும் இல்லை, சாப்பாட்டிலும் குறையில்லை. இருந்தாலும் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் விரல்களை விரித்துப் பார்த்தார். இரண்டு விரல்களுக்கு நடுவே கருவேல முள், ஒடிந்து உள்ளே போய்ச் சீழ் கட்டியிருந்தது. ‘நொண்டவில்லை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?’ என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். அவர் முள்ளை விட்டுவிட்டு நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். வெளியே வரிசையில் இரண்டு பசுக்கள் காத்திருந்தன.

பூனையின் மீசை நான்கு வரிசையாக நடப்பட்டிருக்கிறது, மல்லிகைப் பாத்தி போல. உங்கள் சுவரில் இருக்கும் படத்தில் எத்தனை வரிசை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு பூனையிடம் போய் எண்ணுங்கள். கையில் பென்சில் இருந்தால் எண்ணுவது எளிது.

*‘வேலையற்ற வேலை, இந்த வயதில் நாயை வரைந்துகொண்டு’ என்கிறார் என் கணவர். எனக்கு 61. பதில் சொல்ல உதவுங்கள்.*
— தஞ்சாவூர்

பிக்காசோ என்ற பெயரை உங்கள் கணவர் கேள்விப்பட்டிருப்பார். 1957இல் பிக்காசோவுக்கு 75 வயது. அவரைப் படமெடுக்க வந்த புகைப்படக்காரர் ஒருவர் தம்முடைய குட்டைக்கால் நாயையும் கூட அழைத்துவந்தார். லும்ப் என்று பெயர். நாய் வீட்டைச் சுற்றிப் பார்த்தது, பிடித்துப்போயிற்று, அங்கேயே தங்கிவிட்டது. அந்த வருடமே பிக்காசோ, பழைய ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த அரண்மனை ஓவியத்தை எடுத்துவைத்துக்கொண்டு தம் பாணியில் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த வரிசையில் 58 படங்கள். மூலத்தில் இளவரசியின் முன்னால் கம்பீரமான பெரிய நாய் படுத்திருக்கும். பிக்காசோ அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லும்பை வைத்தார். பார்சிலோனாவில் இன்றும் தொங்குகிறது. ராஜ குடும்பத்துக்கு நடுவே கத்தரிக்காய்க்குக் கால் முளைத்தது போல ஒரு நாய். வேலையற்ற வேலைதான்.

டேவிட் ஹாக்னி என்று இன்னொரு பெரிய கை, ஆங்கிலேயர். 1990களின் நடுவில், ஐம்பதுகளின் கடைசியில் இருந்தபோது, மாதக்கணக்கில் தம் இரண்டு நாய்களை மட்டுமே வரைந்தார். அவை எங்கே படுக்கும் என்று சொல்ல முடியாதே, அதனால் வீட்டில் பல இடங்களில் கித்தானைத் தாழ்வாக வைத்து, வண்ணத்தையும் தயாராகக் குழைத்துவைத்திருந்தாராம். நம் வீடுகளில் அரைத்த மாவைக் கையோடு வைத்துக்கொண்டு விருந்தாளிக்குக் காத்திருப்பது போல.

இதையெல்லாம் சொல்லியும் அவர் முனகினால், நாய் நிமிர்ந்து பார்க்கும்படி எதிரே பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் உள்ளே வந்தார். இப்போது ‘வால் சரியில்லை’ என்று குற்றம் சொல்லும் அளவுக்கு முன்னேறியிருக்கிறார்.

*எங்கள் வீட்டுக் கூண்டில் இருக்கும் பச்சைக்கிளியைக் கலர் பென்சிலில் வரைகிறேன். கழுத்து வளையத்துக்கு என்ன நிறம் கலக்க வேண்டும்?*
— ஊரை நானே மறைக்கிறேன்

முதலில் கிளியைப் பற்றி. நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். நீங்களாகத் திறந்துவிட்டால் பறக்கத் தெரியாமல் காகத்திடம் மாட்டும். பிறகு ஒரு மாலை கோயில் கோபுரத்தின் எதிரே நோட்டோடு உட்காருங்கள். கழுத்து வளையத்தின் நிறத்தை அங்கே பார்த்துவிட்டு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

*குளத்துக் களிமண்ணில் எங்கள் நாய் உட்கார்ந்திருப்பது போல ஓர் அடி உயரத்தில் செய்தேன். அச்சு அசலாக அதேதான். காயவைத்து விறகு மூட்டிச் சுட்டபோது வெடித்துத் தலை தனியாகப் போய்விட்டது. வீட்டில் அபசகுனம் என்கிறார்கள். நாய் நன்றாகத்தான் இருக்கிறது.*
— அறந்தாங்கி

அபசகுனம் இல்லை, ஈரம். பொம்மையைக் கெட்டியாக, உள்ளே வெற்றிடமில்லாமல் செய்திருப்பீர்கள். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே தண்ணீர் இருக்கும். நெருப்பில் அது நீராவியாகும், வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வரும். குக்கர் கதைதான்.

உங்கள் பக்கமெல்லாம் அய்யனார் கோயில் புரவிகள் ஆளுயரம் தாண்டி நிற்கின்றனவே, ஒன்றையாவது தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே காலி. வேளார்கள் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, கால்களிலிருந்து மேல்நோக்கிச் சுவர் எழுப்புவது போலக் கட்டிக்கொண்டு போவார்கள். உமி நெருப்பில் எரிந்து போய்ச் சின்னச் சின்னத் துளைகளை விட்டுவிடும். காற்றுப் போகவும் திறப்பு வைப்பார்கள். அவசரப்படாமல் நிழலில் நாள்கணக்கில் காயவிடுவார்கள்.

அடுத்த நாயை நீங்கள் கெட்டியாகவே செய்யுங்கள், உருவம் பிடிக்க அதுதான் எளிது. கை ஒட்டாமல் இறுகிய பதத்தில், நூலால் நெடுக்காக இரண்டாக அறுங்கள். கரண்டியால் உள்ளே குடைந்து விரல் கனம் மட்டும் விடுங்கள். ஓரங்களைக் கீறி, களிமண் குழம்பு தடவி ஒட்டுங்கள். அடியில் ஒரு துளை. தலை போன பொம்மையைத் தூக்கிப் போடாதீர்கள். உட்கார்ந்த முதுகு எப்படி இருந்தது என்று அடுத்த தடவை பார்த்துச் செய்ய உதவும். நாயின் முதுகைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கிறதா, எதிர்பார்ப்பில் இருக்கிறதா என்று தெரியும். அதைப் பிடித்திருந்தால் தலை எதற்கு?

*எங்கள் ராமு 13 வருடம் எங்களோடு இருந்தான். பங்குனியில் போய்விட்டான். அவனை வரைய வேண்டும் என்று உட்கார்ந்தால் முகமே நினைவுக்கு வரவில்லை. போட்டோ மூன்றுதான், ஒன்றில் அண்ணன் கல்யாணப் பந்தலின் ஓரத்தில் அவன் வால் மட்டும் பாதி தெரிகிறது. இதற்குள் மறந்துவிட்டேனா என்று பயமாக இருக்கிறது, டீச்சர்.*
— செய்யாறு

மறக்கவில்லை அம்மா. என் தாயின் முகத்தை எனக்கு வரைய வராது. 26 வருடம் கூடவே இருந்திருக்கிறேன். ஆனால் அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகும் அசைவை இப்போதே போட்டுக்காட்டுவேன். பக்கத்திலேயே இருந்தவர்களின் முகத்தை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. எப்போதும் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம்.

முகத்தைக் கொஞ்ச நாள் விடுங்கள். ராமு 13 வருடம் உங்கள் வீட்டில் ஏதாவது செய்துவைத்துவிட்டுத்தான் போயிருப்பான். கதவின் கீழ்ப்பலகையில் நகக்கீறல் இருக்கும். படுத்துப் படுத்து வழவழப்பான சிமெண்டுத் திட்டு இருக்கும். சுவரில் உடம்பு உரசிய எண்ணெய்க் கறை, சரியாக அவன் உயரத்தில். நெளிந்த அலுமினியத் தட்டு. இவற்றை ஒவ்வொன்றாக, அளவு பிசகாமல் வரையுங்கள். அந்தக் கறைக் கோடு எவ்வளவு உயரம் என்று அளக்கும்போது அவன் தோள் எங்கே வந்தது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டியது. இடது கையைக் காற்றில் அவன் தலைமேல் வைப்பது போல வையுங்கள். நெற்றிப் பள்ளம் எங்கே, காது எங்கே தொடங்கியது, பிடரியில் ரோமம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று உள்ளங்கையைக் கேளுங்கள். வலது கை கண் திறக்காமலே காகிதத்தில் போகட்டும். படம் கோணலாக வரும், வரட்டும். என் தோழி ஒருத்தி இப்படி வரைந்த பசுவுக்கு முகமே இல்லை. நெற்றிச் சுழி மட்டும் இருக்கிறது. பார்த்தவுடன் அவள் வீட்டில் எல்லோரும் அதன் பெயரைச் சொன்னார்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே எடுத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு நடுகல். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு விழுந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு நட்டது. அந்தக் கல்லில் அவனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள், நாயின் பெயரோடு: கோவிவன். நாயின் பெயரைக் கல்லில் வெட்டுவது அன்றைக்கும் யாருக்கோ அவசியமாகப் பட்டிருக்கிறது. வசதிப்பட்டால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். நான் பார்த்தபோது அந்தக் கல்லின் முன்னால் நான் நின்ற நேரம் முழுக்க நாயின் பக்கம்தான் நின்றேன், வீரன் மன்னிக்கட்டும்.

மூன்று போட்டோவில் எதை வரைவது என்று கேட்டால், அந்தப் பாதி வாலைத்தான் சொல்வேன். பந்தக்கால், வாழைமரம், நாற்காலிகள், எல்லோரும் கேமராவைப் பார்த்து நிற்பது, ஓரத்தில் வேறு ஏதோ வேலையாகப் போய்க்கொண்டிருக்கும் வால். எல்லாவற்றையும் போடுங்கள்.

*செல்லப் பிராணிகளை வரைந்துகொடுத்துப் பணம் சம்பாதிக்கலாமா?*
— ஈரோடு

சம்பாதிக்கலாம். நான் ஆறு படம் 400 ரூபாய் வீதம் வரைந்துகொடுத்தேன். ஐந்துக்குப் பணம் வந்தது. ஆறாவது அம்மாள் படத்தைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, ‘எல்லாம் இருக்கிறது, ஆனால் எங்கள் ஜிம்மி இப்படி யாரையும் பார்க்காதே’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஜிம்மியை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, தாசில்தாரின் பார்வையை எடுத்து ஜிம்மிக்கு வைத்துவிட்டேன்.

ஆகவே முடிந்தால் நேரில் போய் அரைமணி நேரம் பாருங்கள். போட்டோதான் என்றால் ஒரு நிபந்தனை போடுங்கள். கைப்பேசியை மூக்கருகே கொண்டுபோய் எடுத்த படம் வேண்டாம். அப்படி எடுத்தால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கு பூசணிக்காயாகிவிடும், காது எங்கோ பின்னால் போய்விடும். நாலைந்து அடி தள்ளி, நாயின் உயரத்துக்குக் குனிந்து, பகல் வெளிச்சத்தில் எடுத்ததைக் கேளுங்கள். பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுங்கள். இதை நான் ஆறாவது படத்துக்குப் பிறகுதான் கற்றேன்.

*தாசில்தார் எப்படி இருக்கிறார்? அவருடைய படம் இந்த மாதமும் உண்டா?*

இந்தக் கேள்வி வந்த உள்நாட்டுக் கடிதத்தின் மேல்தான் படுத்திருக்கிறார். வலது முன்னங்கால் ஒழுங்காக மடிந்து மார்புக்கடியில் இருக்கிறது. ஊரின் பெயர் வயிற்றுக்கடியில் இருக்கிறது, அதனால்தான் மேலே போட முடியவில்லை. எழுந்திருந்தால் அடுத்த இதழில் சொல்கிறேன். படம் வரைந்துகொண்டிருக்கிறேன், வால் இன்னும் பாக்கி.